ஸ்பிரிங் காற்றுத் துப்பாக்கியின் உதையை வீட்டுப் பட்டறையில் அடக்க முடியுமா?

தென்னாப்பிரிக்காவில் ஜொஹானஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். டர்பனில் சித்தப்பா வைத்திருந்த டயானா 48 இப்போது அவர் கைக்கு வந்திருக்கிறது: பக்கவாட்டு நெம்புகோல் உள்ள, 4.5 மி.மீ. குழல் கொண்ட ஸ்பிரிங் துப்பாக்கி. டர்பனின் சாட்ஸ்வர்த்தில் மெத்தென்று சுட்டது, ஜொஹானஸ்பர்க் வந்ததும் 'டப்' என்று முகத்தில் அறைகிறதாம். நண்பருடைய லேத் இருக்கிறது, எதிரெதிராக ஓடும் இரண்டு பிஸ்டன் வைத்து உதையே இல்லாத துப்பாக்கியாக இதை மாற்றலாமா, மாற்றினால் வெற்றி பெற்றோமா என்று எப்படிச் சோதிப்பது என்பது அவர் கேள்வி.

சுருக்கமாகச் சொன்னால், இரட்டைப் பிஸ்டன் வேண்டாம், தம்பி. நழுவு தளம் செய்யுங்கள். அதாவது துப்பாக்கியின் உலோகப் பகுதி முழுவதும், தோளில் வைக்கும் மரக்கட்டையின் மேல் சில மில்லிமீட்டர் பின்னால் வழுக்கிப் போகட்டும். அதைச் செய்வதற்கு முன் இப்போதிருக்கும் நிலையை அளந்து எழுதி வையுங்கள். முன் கணக்கு இல்லாமல் பின் கணக்கைப் பார்த்துச் சந்தோஷப்படுவதில் அர்த்தம் இல்லை. இனி காரணத்தோடு சொல்கிறேன்.

முதலில் உதை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வெடிமருந்துத் துப்பாக்கியில் முன்னால் போகும் குண்டும் வாயுவும்தான் துப்பாக்கியைப் பின்னால் தள்ளுகின்றன. ஸ்பிரிங் துப்பாக்கியில் ஸ்பிரிங் ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் அழுத்தும் காற்று பெல்லட் என்னும் சிறு குண்டைத் தள்ளும். இதில் பெல்லட்டின் பங்கு மிகச் சிறிது. 0.55 கிராம் பெல்லட் நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் போனால் அதன் உந்தம் 0.165 அலகு. பிஸ்டனையும், ஸ்பிரிங் எடையில் பாதியையும் சேர்த்து 350 கிராம் என்று வையுங்கள். அது நொடிக்கு 15 மீட்டர் வேகத்தை எட்டினால் உந்தம் 5.25. பெல்லட்டுடையதைப் போல முப்பது மடங்குக்கு மேல். ஆகவே நீங்கள் அடக்க வேண்டியது பெல்லட்டின் உதையை அல்ல, பிஸ்டனின் உதையை.

இந்த உதை இரண்டு கட்டமாக வரும். விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் வருகிறது. பத்துப் பன்னிரண்டு மில்லிநொடி கழித்து, சிலிண்டரின் முனையில் அழுந்திய காற்று பிஸ்டனைப் பிடித்து நிறுத்துகிறது. பின்னால் வந்துகொண்டிருந்த துப்பாக்கி அந்தக் கணத்தில் சட்டென்று நிற்கிறது, தோளின் அழுத்தம் அதை முன்னால் தள்ளிவிடுகிறது. பிஸ்டன் ஏறக்குறைய நிற்கும் நேரத்தில்தான் பெல்லட் நகரவே தொடங்கும். குழலைக் கடக்க அதற்கு இன்னும் இரண்டு மில்லிநொடி போலத் தேவை. ஆக, பெல்லட் குழலுக்குள் இருக்கும்போதே துப்பாக்கி தன் ஆட்டத்தைப் பெரும்பாலும் ஆடி முடித்துவிடுகிறது. அந்த ஆட்டத்தின் திசையைத் தீர்மானிப்பது உங்கள் பிடி: இடது கை எங்கே தாங்குகிறது, தோள் எவ்வளவு அழுத்துகிறது, கன்னம் எவ்வளவு அமர்கிறது. 10 மீட்டர் போட்டித் தாளில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 0.5 மி.மீ. ஒரு மீட்டர் நீளத் துப்பாக்கியின் முனை 0.05 மி.மீ. விலகினால் தாளில் அந்த 0.5 மி.மீ. போய்விடும். தலைமுடியின் தடிமனுக்குள் நடக்கிற விவகாரம் இது.

துப்பாக்கியைக் கயிற்றில் தொங்கவிட்டு யாரும் தொடாமல் சுட்டால் எவ்வளவு நகரும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. பிஸ்டன் ஓடும் தூரம் 100 மி.மீ., நகரும் எடை 0.35 கிலோ, துப்பாக்கியின் மொத்த எடை 4.2 கிலோ என்றால் 100 × 0.35 ÷ 4.2, அதாவது 8 மி.மீ. சொச்சம் பின்னால் வரும். இதில் ஸ்பிரிங்கின் பலம் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மென்மையான ஸ்பிரிங் போட்டாலும் அதே 8 மி.மீ.தான், வேகம் மட்டும் குறையும். இந்தக் கணக்கை மறக்காதீர்கள், நழுவு தளம் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. என் எண்கள் உதாரணத்துக்கு. உங்கள் பிஸ்டனையும் ஸ்பிரிங்கையும் சமையலறைத் தராசில் நிறுத்து உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது ஜொஹானஸ்பர்க் விஷயம். டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது, ஜொஹானஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு சொச்சம்தான். சிலிண்டருக்குள் இருக்கும் காற்றின் அளவும் அதே விகிதத்தில் குறைவு. பிஸ்டனை மெத்தை போலத் தாங்க வேண்டிய காற்று குறைந்துவிட்டதால், அது கடைசி மில்லிமீட்டர் வரை வேகமாக வந்து சிலிண்டர் முனையில் மோதுகிறது. நீங்கள் கேட்கும் 'டப்' அந்த மோதல்தான். சித்தப்பா துப்பாக்கியில் கோளாறு எதுவும் இல்லாமலேகூட இது நடக்கும். லேத் பக்கம் போவதற்கு முன் இரண்டு காரியம் செய்து பாருங்கள். இப்போது போடுவதைவிடக் கொஞ்சம் கனமான பெல்லட்டைப் போடுங்கள். அது குழலை விட்டுப் போக அதிக நேரம் எடுக்கும், அதுவரை காற்று பிஸ்டனுக்கு முன்னால் தங்கி நின்று தாங்கும். பிறகு ஒரு படி மென்மையான ஸ்பிரிங் போடுங்கள். பாதித் தொல்லை இதிலேயே அடங்கலாம். மீதிப் பாதிக்குத்தான் நழுவு தளம்.

உதை இல்லாத ஸ்பிரிங் துப்பாக்கி புதிய கனவு ஒன்றும் இல்லை. 1960களில் ஜெர்மன்காரர்கள் இதில் உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள். கூர்ட் கிஸ் உருவாக்கி டயானா கம்பெனி பயன்படுத்திய முறையில் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிர்த் திசையில் பாயும். முன்னது காற்றை அழுத்தும். பின்னது வெறும் எடை, முன்னதன் உந்தத்தைச் சமன் செய்வது மட்டுமே அதன் வேலை. இரண்டும் ஒரே நேரத்தில் நகர நடுவில் பற்சட்டமும் பற்சக்கரமும் இருக்கும். டயானா 60, 65, 66, 75 எல்லாம் அந்த வரிசை. ஃபைன்வெர்க்பாவ் வேறு வழியில் போனது. அவர்களுடைய 150, 300, 300எஸ் துப்பாக்கிகளில் உலோகப் பகுதி மரக்கட்டையின் மேல் ரெயிலில் பின்னால் வழுக்கும். அன்ஷுட்ஸ் 250 எண்ணெய் நிரப்பிய அதிர்வுத் தணிப்பானை நம்பியது. வால்டர் தன் எல்ஜிவி துப்பாக்கியில் எடையைக் கூட்டிச் சமாளித்தது. இங்கிலாந்தில் ஜான் விஸ்கோம் செய்த துப்பாக்கிகளில் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றையொன்று நோக்கி ஓடி, நடுவில் அகப்பட்ட காற்றை அழுத்தும். உதையும் இல்லை, பலமும் அதிகம். நெம்புகோலை ஒன்றுக்கு மேற்பட்ட முறை இழுக்க வேண்டும் என்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காற்றுத் துப்பாக்கிப் போட்டி முதன்முதலாகச் சேர்ந்தபோது முன்னணிப் போட்டியாளர்கள் ஸ்பிரிங்கை விட்டு முன்கூட்டியே அழுத்திய காற்றுக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள். பிஸ்டனே பாயாத துப்பாக்கியில் அடக்குவதற்கு என்ன இருக்கிறது? ஆனால் ஸ்பிரிங் துப்பாக்கிக்குத் தனியாகக் காற்றுக் குப்பியும் பம்பும் வேண்டாம், ஐம்பது வருடம் கழித்தும் ஒரு ஸ்பிரிங்கையும் சீலையும் மாற்றினால் ஓடும். அந்தக் குணத்துக்காகவே இதில் உழைக்கலாம் என்பது என் கருத்து.

இந்த வழிகளில் கிஸ் முறைதான் காகிதத்தில் மிக அழகானது. அதனால்தான் லேத் வைத்திருக்கும் எல்லோரும் முதலில் அதில் போய் விழுகிறார்கள். எடைகளைச் சமமாக்குவது சுலபம், அது தராசு வேலை. கஷ்டம் நேரத்தில். பற்களுக்கு இடையே சிறு தளர்ச்சி இருந்தாலும் ஒரு பிஸ்டன் முந்தும், முந்திய கணத்திலேயே துப்பாக்கி அசைந்துவிடும். ஸ்பிரிங்கின் முழுத் தள்ளலையும் அந்தச் சின்னப் பற்கள் ஒவ்வொரு முறையும் தாங்க வேண்டும். இன்னொன்றையும் யோசியுங்கள். பின்பக்கப் பிஸ்டன் பாய்வது உங்கள் கன்ன எலும்பை நோக்கி. பல் உடைந்தாலோ பின்மூடியின் மரை அறுந்தாலோ அதைத் தடுக்க இடையில் வேறெதுவும் கிடையாது. தொழிற்சாலை அதற்கு உரிய எஃகையும் வெப்பப் பதப்படுத்தலையும் கணக்கிட்டுச் செய்தது. சாதாரண இரும்புத் தண்டில் அதை வீட்டில் கடைவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். அதே காரணத்தால் சிலிண்டர், பிஸ்டன், சியர் (இழுத்த பிஸ்டனைப் பிடித்து வைக்கும் கொக்கி), விசை அமைப்பு இவற்றில் கை வைக்காதீர்கள். தொழிற்சாலை கொடுத்தது அப்படியே இருக்கட்டும். நீங்கள் செய்யப்போவது அதற்குக் கீழே ஒரு வண்டி, அவ்வளவுதான்.

உங்கள் அதிர்ஷ்டம், கையில் இருப்பது 48. டயானாவின் 54 என்பது ஏறக்குறைய இதே இயந்திரத்தை மரக்கட்டையின் மேல் நழுவவிட்டது. ஆகவே இந்த உடம்பு நழுவுதலுக்கு ஒத்துவரும் என்பது நிரூபணமான விஷயம்.

நழுவு தளம் உதையை அழிப்பதில்லை. உலோகப் பகுதி பின்னால் போகத்தான் போகிறது. ஆனால் அது யார் கையையும் தோளையும் சார்ந்திராமல் நேர்கோட்டில், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி போகிறது. துல்லியத்துக்கு வேண்டியது இவ்வளவுதான். துப்பாக்கி அசையாமல் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஒரே மாதிரி அசைந்தால் போதும்.

கணக்கைத் திரும்பப் போடுவோம். மரக்கட்டையை விட்டுவிட்டால் நகரும் பகுதி, ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) உட்பட, 3.2 கிலோ என்று வையுங்கள். 100 × 0.35 ÷ 3.2 என்றால் ஏறக்குறைய 11 மி.மீ. ரெயிலில் 15 மி.மீ. இடம் விடுங்கள். இதில் ஓர் அருமையான விஷயம் இருக்கிறது. பிஸ்டன் நிற்கும்போது நழுவும் பகுதியும் தானாகவே நின்றுவிடும், ஏனென்றால் இரண்டின் உந்தமும் சமம், எதிர்த்திசை. மிச்சம் இருப்பது பெல்லட்டும் அதன் பின்னால் வெளியேறும் காற்றும் கொடுத்த சிறு தள்ளல்தான், அதை உராய்வு விழுங்கிவிடும். நல்ல தளத்துக்குப் பின்னால் பெரிய ரப்பர் தடுப்பே தேவைப்படாது. பாதுகாப்புக்கு ஒன்று வைக்கலாம். அதில் 'டக்' என்று மோதினால் கணக்கிலோ எடையிலோ எங்கோ தப்பு என்று அர்த்தம்.

ரெயிலுக்கு 12 மி.மீ. கிரைண்ட் செய்த எஃகுத் தண்டு இரண்டு, அதில் ஓடும் வெண்கல புஷ் நான்கு. மேசை டிராயரின் ரன்னர் பக்கம் போகாதீர்கள், அதன் பக்கவாட்டு ஆட்டம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். தண்டுகள் ஒன்றுக்கொன்று இணையாகவும், குழலுக்கு இணையாகவும் இருக்க வேண்டும். முதலில் இரண்டு தண்டுகளையும் புஷ்ஷுக்குள் செருகி, புஷ் பிடிக்கும் திருகுகளைத் தளர்வாக விட்டு, உலோகப் பகுதியைக் கையால் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். எங்கும் இறுகாமல் ஓடுகிற நிலையில் ஒவ்வொரு திருகாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரு திருகு இறுகும்போது ஓட்டம் கனத்தால், அந்த இடத்துக்கு அடியில் மெல்லிய பித்தளைத் தகடு வையுங்கள். பொறுமை கேட்கிற வேலை, ஆனால் தளத்தின் உயிரே இதில்தான். தடித்த கிரீஸ் தடவாதீர்கள். லெனேசியாவின் குளிர்கால விடியலில் அது இறுகும், மதிய வெயிலில் இளகும், உராய்வு மணிக்கு மணி மாறும். மெல்லிய எண்ணெய் ஒரு பூச்சு போதும். தண்டுகளை முடிந்தவரை மேலே, குழலின் அச்சுக்கு அருகில் வையுங்கள். கீழே போகப் போகப் பிஸ்டனின் தள்ளல் தளத்தைச் சாய்க்கப் பார்க்கும்.

துப்பாக்கியை மேல்நோக்கித் தூக்கினால் உலோகப் பகுதி தானாக நழுவக் கூடாது. அதைப் பிடிக்க ஒரு குண்டுப் பூட்டு வேண்டும்: சின்ன ஸ்பிரிங்கில் அமர்ந்த எஃகு உருண்டை, பள்ளத்தில் சிக்கி நிற்பது. எவ்வளவு பலம்? 3.2 கிலோ செங்குத்தாகத் தொங்கினால் சுமார் 31 நியூட்டன், ஆக 50 நியூட்டனில் விடுபடுகிற மாதிரி வையுங்கள். பிஸ்டன் ஸ்பிரிங்கின் தள்ளல் பல நூறு நியூட்டன், அதற்கு இந்தப் பூட்டு ஒரு பொருட்டே அல்ல. ஒரு மில்லிமீட்டருக்குள் விட்டுவிடும். மரக்கட்டைக்குப் போகும் உந்தம் நூற்றில் நாலைந்து பங்கைத் தாண்டாது. ஃபைன்வெர்க்பாவ் இந்தப் பூட்டை விசையோடு இணைத்திருந்தார்கள், சுடும் கணத்தில் தானாக விடுபடும். உங்களுக்கு அந்தச் சிக்கல் வேண்டாம். சுட்ட பிறகு உலோகப் பகுதியைக் கையால் முன்னால் தள்ளிப் பூட்டிவிட்டு, பிறகு நெம்புகோலை இழுங்கள்.

ஸ்பிரிங்கின் முறுக்கலையும் மறக்காதீர்கள். சுருள் விரியும்போது தன் அச்சில் கொஞ்சம் திரும்பும், அந்தத் திருப்பம் துப்பாக்கியைப் பக்கவாட்டில் புரட்டும். நழுவு தளம் நேர்கோட்டு உதையை வாங்கிக்கொள்ளும், முறுக்கலை வாங்காது. ஃபைன்வெர்க்பாவ் 300எஸ்ஸில் இடமுறுக்கு ஒன்றும் வலமுறுக்கு ஒன்றுமாக இரண்டு ஸ்பிரிங்கை வரிசையாக வைத்து இதைத் தீர்த்தார்கள். உங்களுக்கு, ஸ்பிரிங்கின் இரு முனையிலும் வழவழப்பான எஃகு வாஷர் இரண்டிரண்டு போட்டு நடுவில் மாலிப்டினம் கிரீஸ் தடவினாலே பெரும்பகுதி அடங்கும். அதே கிரீஸ் பிஸ்டன் சீலுக்கு முன்னால் வழியக் கூடாது. அழுந்தும் காற்றின் சூடு பல நூறு டிகிரிக்கு ஏறும், பெட்ரோலிய எண்ணெய் அங்கே இருந்தால் டீசல் இன்ஜினில் போல வெடிக்கும். சத்தம், புகை, சீல் நாசம் எல்லாம் சேர்ந்து வரும். ஸ்பிரிங்கைக் கழற்றும்போது முன் அழுத்தத்தில் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். நீளமான கிளாம்ப் இல்லாமல் பின்மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

ஸ்கோப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நழுவு தளம் உங்கள் தோளைக் காப்பாற்றும், ஸ்கோப்பைக் காப்பாற்றாது. அது உலோகப் பகுதியின் மேல் இருக்கிறது, இன்னும் சொல்லப்போனால் முன்பைவிட இலகுவான பகுதியோடு சேர்ந்து வேகமாகக் குலுங்குகிறது. டயானா 54 ஸ்கோப்புகளை உடைப்பதில் பேர் வாங்கியது இதனால்தான். பின்னால் போய்ச் சட்டென்று நிற்கும் அடி, வேட்டைத் துப்பாக்கிக்கென்று செய்த விலையுயர்ந்த ஸ்கோப்பையும் உடைத்துவிடும். ஸ்பிரிங் துப்பாக்கிக்கு என்று குறிப்பிட்டுச் செய்ததை மட்டும் வாங்குங்கள். அது நழுவாதபடி தடுப்பு முளை உள்ள மவுண்ட் போடுங்கள். ஸ்கோப் 11 மி.மீ. உங்கள் கண்ணை நோக்கி வரும், அதற்கும் இடம் விட்டுப் பொருத்துங்கள்.

சோதனைக்கு வருவோம், இதைத்தான் எல்லோரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். சுட்டுப் பார்த்து 'மெத்தென்று இருக்கிறது' என்பது சோதனை ஆகாது. தோள் பொய் சொல்லும், அதுவும் ஒரு மாதம் பட்டறையில் உழைத்தவன் தோள் நிறையவே சொல்லும்.

எங்கே சுடப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 4.5 மி.மீ. காற்றுத் துப்பாக்கி உரிமம் வேண்டிய துப்பாக்கிக் கணக்கில் வராது. ஆனால் தக்க காரணம் இல்லாமல் குடியிருப்புப் பகுதியிலோ பொது இடத்திலோ அதைச் சுடுவதும், கவனக்குறைவாகக் கையாள்வதும் அதே சட்டத்தில் குற்றம். 25 ஜூல் என்பது விளையாட்டல்ல, வேலிச்சுவர் தாண்டினால் பக்கத்து வீட்டுக் குழந்தையின் கண் போய்விடும். கிளப்பின் தளத்தில் சுடுங்கள், அல்லது நீளமான மூடிய கராஜில் கனமான எஃகுப் பெல்லட் பொறி வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு சுடுங்கள். நெம்புகோலை இழுத்தபின் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டேதான் மறு கையால் பெல்லட் போட வேண்டும். 48இல் சிலிண்டரே முன்னால் பாயும், இடையில் விரல் இருந்தால் திரும்பக் கிடைக்காது. சாட்ஸ்வர்த், மெரிபேங்க் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு வார்த்தை. அங்கே மாமரத்துக்கு வரும் குரங்குகளின் உடம்பில் பெல்லட் பாய்ந்து கிடப்பதை மிருக வைத்தியர்கள் எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். உங்கள் துப்பாக்கி காகிதத்தை மட்டும் சுடட்டும்.

முதல் சோதனை குரோனோகிராஃப், அதாவது பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி. மாற்றத்துக்கு முன்பும் பின்பும் ஒரே டப்பாப் பெல்லட்டில் பத்துப் பத்துச் சுட்டு வேகங்களை எழுதுங்கள். நழுவு தளம் போட்டதும் வேகம் மிகச் சிறிது குறையலாம், ஸ்பிரிங்கின் சக்தியில் ஒரு பங்கு இப்போது உலோகப் பகுதியை நகர்த்தப் போகிறது. நிறையக் குறைந்தால், பிரித்துப் பூட்டியதில் சீல் நைந்திருக்கிறதா என்று பாருங்கள். சராசரியைவிட, பத்தில் அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள இடைவெளி முக்கியம். அது முன்பைவிட விரிந்திருந்தால் தளத்தில் எங்கோ ஓட்டம் சிக்குகிறது.

அடுத்தது நழுவும் தூரம். ரெயில் தண்டின் மேல், புஷ்ஷை ஒட்டி, இறுக்கமான சின்ன ரப்பர் ஓ-ரிங் ஒன்றை மாட்டிவிடுங்கள். உலோகப் பகுதி பின்னால் போகும்போது புஷ் அதைத் தள்ளிக்கொண்டு போகும், திரும்பி வரும்போது அது அங்கேயே நிற்கும். வெர்னியர் வைத்து அளந்தால் அந்தச் சுடலின் முழு ஓட்டமும் கையில் இருக்கும். கணக்கு 11 சொல்கிறது, ஓ-ரிங் 10.5 காட்டுகிறது என்றால் கையைத் தட்டிக்கொள்ளுங்கள். 8 காட்டினால் உராய்வு அதிகம், மீதி உந்தம் மரக்கட்டை வழியாக உங்கள் தோளுக்குப் போயிருக்கிறது. அடுத்தடுத்து ஒரு முறை 10, ஒரு முறை 9 என்று மாறினால் அது இன்னும் மோசம், ஏனென்றால் மாறுவதைத்தான் நாம் ஒழிக்க வந்தோம். ஓ-ரிங்குக்கு ஐந்து ராண்ட் ஆகுமா? எனக்குத் தெரிந்து இந்த வேலையில் இதைவிட மலிவான, இதைவிட உண்மை பேசுகிற கருவி கிடையாது.

மரக்கட்டைக்கு எவ்வளவு அதிர்ச்சி வருகிறது என்று பார்க்க பீஸோ தகடு, அதாவது அதிர்ந்தால் மின்னழுத்தம் தரும் தகடு. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் பஸ்ஸருக்கு விற்கும் 27 மி.மீ. வட்டத் தகட்டை மரக்கட்டையின் பின்புறம் சூப்பர் குளூவில் ஒட்டி, ஒரு மெகா ஓம், பத்துக் கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டை வைத்து மின்னழுத்தத்தை நூற்றில் ஒன்றாகக் குறைத்து, லேப்டாப்பின் மைக் துளையில் கொடுங்கள். ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்து பெரிதாக்கினால் படம் தெளிவாக விழும்: சியர் விடுபடும் முதல் மேடு, பத்துச் சொச்சம் மில்லிநொடி கழித்துப் பிஸ்டன் தரை தட்டும் கூர்மையான முள், சில சமயம் பிஸ்டன் எகிறித் திரும்பும் மூன்றாவது மேடு. முள்ளின் உயரத்துக்கு அலகு கிடையாது, அது பரவாயில்லை. தளம் போடுவதற்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். தகட்டை இடம் மாற்றி ஒட்டாதீர்கள், லேப்டாப்பின் ஒலி அளவையும் மாற்றாதீர்கள். கனமான பெல்லட், மென்மையான ஸ்பிரிங் இரண்டில் எது அந்த முள்ளை மொட்டையாக்குகிறது என்பதும் இதே படத்தில் தெரிந்துவிடும்.

துப்பாக்கியைக் கயிற்றில் தொங்கவிட்டு, எவ்வளவு ஊசலாடுகிறது என்று பார்க்கும் சோதனையைப் பலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். தொங்கும் துப்பாக்கியில் பிஸ்டனின் உந்தம் உள்ளுக்குள்ளேயே சமனாகிவிடும், கடைசியில் ஊசலாடுவது பெல்லட்டும் வெளியேறும் காற்றும் கொடுத்த தள்ளலால்தான். உதைக்கும் துப்பாக்கியும் உதைக்காத துப்பாக்கியும் ஏறக்குறைய ஒரே அளவு ஆடும். செல்போனில் நொடிக்கு 240 படம் எடுத்தாலும் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நான்கு மில்லிநொடி, மொத்த நிகழ்ச்சிக்கே இரண்டு மூன்று படம்தான் கிடைக்கும்.

கடைசித் தீர்ப்பைச் சொல்லும் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். 10 மீட்டரில் நான்கு தாள். முதலாவதைச் சுடும்போது முன்கட்டையைத் திறந்த உள்ளங்கையில் லேசாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதற்கு முன்கட்டையை இறுக்கிப் பிடித்து, தோளில் அழுத்திச் சுடுங்கள். மூன்றாவதற்கு மணல் மூட்டை மேல் வையுங்கள். நான்காவதற்கு, வழக்கமாக யாரும் செய்யக் கூடாத காரியம்: முன்கட்டையை வெறும் மரப்பலகை மேல் நேரடியாக வைத்துச் சுடுங்கள். தாளுக்குப் பத்து. குறி பார்க்கும் புள்ளியை மாற்றாதீர்கள், ஸ்கோப் திருகைத் தொடாதீர்கள். இதே நான்கு தாளை மாற்றத்துக்கு முன்பும் சுட்டு வைத்திருக்க வேண்டும்.

தாள்களைப் பார்க்கும்போது எந்தக் கூட்டம் சின்னது என்று தேடாதீர்கள். ஒவ்வொரு கூட்டத்தின் நடுப்புள்ளியையும் குறித்து, நான்கு தாள்களையும் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடியுங்கள். பழைய துப்பாக்கியில் நான்கு நடுப்புள்ளிகளும் நான்கு பக்கம் சிதறி நிற்கும், பலகை மேல் வைத்துச் சுட்டது பெரும்பாலும் மேலே ஏறிப் போயிருக்கும். தளம் வேலை செய்தால் நான்கும் ஒன்றை ஒன்று நெருங்கும். மேலும் கீழுமாக மட்டும் விலகல் மிஞ்சினால் ரெயில் குழலுக்கு இணையாக இல்லை, பித்தளைத் தகடுகளைத் திரும்பப் பாருங்கள். பக்கவாட்டில் மட்டும் மிஞ்சினால் ஸ்பிரிங்கின் முறுக்கல் இன்னும் அடங்கவில்லை, வாஷர்களைப் பாருங்கள். இறுக்கிப் பிடித்த தாள் மட்டும் தனியே நின்றால் உங்கள் கையோ கன்னமோ நழுவும் பகுதியைத் தொடுகிறது. கன்னம் அமரும் இடத்தில் மரக்கட்டையை அரை அங்குலம் உயர்த்தினால் அது தீரும்.

சித்தப்பாவைப் பார்க்க டர்பன் போகும்போது துப்பாக்கியையும் குரோனோகிராஃபையும் கொண்டுபோய், அதே டப்பாப் பெல்லட்டில் அங்கேயும் பத்துச் சுட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடற்கரைக் காற்றில் வேகம் கூடும், மோதல் குறையும். ஓ-ரிங் காட்டும் தூரம் மட்டும் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், அது எடைகளின் கணக்கு, காற்றின் கணக்கு அல்ல. அங்கிருந்து வீடு திரும்பியதும் தண்டுகளைத் துடைத்து எண்ணெய் பூசுங்கள், கடற்கரை ஈரத்தில் கிரைண்ட் செய்த எஃகு ஒரே வாரத்தில் துருப்பிடித்துவிடும்.